பழைய பண்ணையில் பறவை பார்ப்பது: புல்லை அறுக்கலாமா, அப்படியே விடலாமா?

ஏப்ரல் 9 – வாசகர் கேள்வி

பாஸ்டன் பக்கம் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லாரும் பழைய பண்ணைகளைத்தான் கைகாட்டுகிறார்கள். போன ஞாயிறு ஒன்றுக்குப் போய்வந்தேன். வாசலில் இயற்கைக் காப்பகம் என்று பலகை, உள்ளே பார்த்தால் டிராக்டர், மாட்டுக் கொட்டகை, மொட்டைப் புல்வெளி. வருஷா வருஷம் புல்லை அறுத்து, உலர்த்தி, கட்டுக்கட்டாக அடுக்குகிறார்களாம். இதில் இயற்கை எங்கே இருக்கிறது? முப்பது வருஷம் யாரும் கை வைக்காமல் விட்டால் காடு வரும், காடு வந்தால் பறவை தானாக வரும். நான் சொல்வதில் என்ன தப்பு?

ஏப்ரல் 10

காடு வரும் என்பது வரை சரி. மாசசூசெட்ஸில் ஒரு வயலை அறுக்காமல் விட்டால் முதலில் புதர், அப்புறம் செடார், பிர்ச், பைன், கடைசியில் ஓக், மேப்பிள் என்று வந்துகொண்டே இருக்கும், யாரும் நட வேண்டியதில்லை. 1800-களின் நடுவில் இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மரம் வெட்டிய வெளியாகத்தான் கிடந்தது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்து, பின்னாலேயே ரயிலும் வந்து, மேற்கிலிருந்து தானியம் மலிவாக இறங்க ஆரம்பித்ததும், இங்கே கல்லோடு மல்லுக்கட்டி உழுதுகொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். காட்டுக்குள் நடக்கும்போது சம்பந்தமே இல்லாமல் ஒரு கல் சுவர் குறுக்கே ஓடுமே, கவனித்தீர்களா? அதெல்லாம் வயல் வரப்பு. காடு பிறகு வந்து அதை மூடிக்கொண்டது.

பறவை தானாக வரும் என்ற இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. வரும்தான், ஆனால் வேறு பறவை வரும். பாபோலிங்க், ஈஸ்டர்ன் மெடோலார்க், சவன்னா ஸ்பாரோ மாதிரியானவை புல்வெளியில், தரையில் கூடு கட்டுகிறவை. நாலு மரம் முளைத்தாலே அந்த வயல் அவற்றுக்கு வேண்டாத இடமாகிவிடும். 2019-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது: 1970-லிருந்து வட அமெரிக்காவில் ஏறக்குறைய 300 கோடி பறவைகள் குறைந்துபோயின என்று. அதில் மிக மோசமாக அடிவாங்கியது புல்வெளிப் பறவைகள், 53 சதவீதம் காணோம். இந்த மாநிலத்தில் காட்டுக்குப் பஞ்சமே இல்லை, புல்வெளிக்குத்தான் பஞ்சம். அந்த டிராக்டர் நின்றுபோனால் நீங்கள் பார்க்க வேண்டிய பறவை முதலில் போய்விடும்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு சந்தேகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். டிராக்டர் ஓடுவது எப்போது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 10, இரவு

பாபோலிங்க் மே மாதம்தான் வரும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், உட்காக் என்ற நீள அலகுத் தரைப்பறவையைப் பார்க்கலாம்.

சூரியன் இறங்கியபின், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, வயலும் புதரும் சந்திக்கிற ஓரத்தில் போய் அசையாமல் நில்லுங்கள். தரையிலிருந்து மூக்கால் பேசுகிற மாதிரி ‘பீன்ட்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘பீன்ட்’. பிறகு திடீரென்று அந்தக் குண்டுப் பறவை எழும்பி, சுழன்று சுழன்று முன்னூறு அடி உயரம் வரை போகும். அப்போது கேட்கிற கிண்கிணிச் சத்தம் தொண்டையிலிருந்து வருவதில்லை, இறக்கையின் ஓரத்தில் இருக்கும் ஒடுங்கிய இறகுகளில் காற்று புகுந்து வருவது. உச்சிக்குப் போனதும் கீச்சுக்கீச்சென்று கத்தியபடி விழுகிற மாதிரி இறங்கி, ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். உட்கார்ந்ததும் மறுபடி ‘பீன்ட்’.

மேலே போயிருக்கும்போது நீங்கள் பத்தடி நகர்ந்துகொள்ளலாம், கீழே இருக்கும்போது நகரக்கூடாது. அதற்குக் கண் தலையில் ரொம்பப் பின்னால் தள்ளி இருக்கிறது, மண்ணில் அலகைக் குத்தி மண்புழு தேடும்போதே முதுகுப்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும். அதன் முதுகுப்பக்கமாகப் போய் ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

டார்ச் அடிக்காதீர்கள். போனில் சத்தம் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம், அது தன் வேலையாக இருக்கிறது.

ஏப்ரல் 14

கேள்வி கேட்டவர் உட்காக் பார்த்துவிட்டாராம், சந்தோஷம். வயலில் ஜோடி ஜோடியாகக் கம்பத்தில் நிற்கும் மரப்பெட்டிகள் எதற்கு என்று கேட்கிறார்.

அவை ஈஸ்டர்ன் ப்ளூபேர்டுக்கு. முதுகு நீலம், மார்பு செங்கல் நிறம், பழத்தோட்டமும் வேலிக் கம்பமும் இருந்தால் அதற்குப் போதும். பட்ட மரப் பொந்தில் கூடு கட்டும் பறவை. தானே பொந்து குடையத் தெரியாது, மரங்கொத்தி விட்டுப்போனதில் குடியேறும். பட்ட மரங்களை வெட்டினார்கள், மரக் கம்பங்களுக்குப் பதில் இரும்புக் கம்பம் வந்தது. கூடவே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட இரண்டு பறவைகள், ஸ்டார்லிங்கும் சிட்டுக்குருவியும், மிச்சப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. பெட்டிதான் ப்ளூபேர்டை மீட்டது. வாசல் ஒன்றரை அங்குல வட்டம், ஸ்டார்லிங் நுழைய முடியாது.

ஜோடியாக ஏன்? ட்ரீ ஸ்வாலோ என்று இன்னொரு குருவி, அதற்கும் பொந்து வேண்டும். இரண்டும் பெட்டிக்குச் சண்டை போடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டி வைத்தால் ஒன்றை ட்ரீ ஸ்வாலோ எடுத்துக்கொண்டு, தன் இனத்தானை அண்டவிடாது, ப்ளூபேர்டைக் கண்டுகொள்ளாது. இன்னொரு பெட்டி ப்ளூபேர்டுக்குக் காலியாகவே இருக்கும். பங்காளிச் சண்டையை வைத்தே ஒரு குடும்பத்தைப் பிழைக்கவைத்த ஏற்பாடு.

ஏப்ரல் 15

நேற்று சிட்டுக்குருவியைப் பற்றி எழுதியதற்கு வரிசையாகத் திட்டு. ஊரில் மார்ச் 20 ஆனால் சிட்டுக்குருவி தினம், அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு மாட்டுகிறோம், இங்கே வந்து வில்லன் என்கிறீர்களா என்று ஒருவர். செல்போன் டவரால் அழிகிறது என்று இன்னொருவர், அதற்குள் நான் போகப்போவதில்லை.

எனக்கும் அந்தக் குருவியைப் பிடிக்கும். வாசலில் அரிசி புடைக்கும்போது வந்து நிற்கும் குருவியைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் இங்கே அது 1850-களில் நியூயார்க்கில் இறக்கிவிடப்பட்ட பறவை. ஒன்றரை அங்குல வாசலில் தாராளமாக நுழையும். உள்ளே ப்ளூபேர்ட் அடைகாத்துக்கொண்டிருந்தால் தலையிலேயே கொத்திக் கொன்றுவிட்டு, அந்த உடலின் மேலேயே புல்லைப் பரப்பித் தன் கூட்டைக் கட்டும். பெட்டிகளைப் பராமரிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறும். 1918-ன் புலம்பெயர் பறவைச் சட்டம் உள்நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றின் கூட்டைக் காக்கிறது, சிட்டுக்குருவியையும் ஸ்டார்லிங்கையும் சேர்க்கவில்லை.

ஊரில் அதற்குப் பெட்டி வையுங்கள், இங்கே வைக்காதீர்கள். இரண்டும் ஒரே ஆள் செய்யக்கூடிய காரியம்தான்.

ஏப்ரல் 27

பார்ன் ஸ்வாலோ வந்துவிட்டது. நம் தகைவிலானேதான், குளிர்காலத்தில் தமிழ்நாட்டில் கம்பியில் வரிசையாக உட்காருமே, அதே இனம். இங்கே வருவதன் வயிறு துருப்பிடித்த சிவப்பு, அங்கே வருவது வெளுப்பு. இவை தென் அமெரிக்காவிலிருந்து வருகின்றன, நம்முடையவை வடக்கு ஆசியாவிலிருந்து.

கொட்டகைக்குள் உத்தரத்தில் சேற்று உருண்டைகளை ஒட்டிக் கட்டும். ஒரு கூட்டுக்கு ஆயிரம் தடவை வரை சேறு சுமக்கும் என்கிறார்கள். பக்கத்தில் ஈரச் சேறு வேண்டும், பூச்சி வேண்டும், முக்கியமாகக் கொட்டகைக் கதவு திறந்திருக்க வேண்டும். புதிதாகக் கட்டும் தகரக் கொட்டகைகள் இடுக்கில்லாமல் மூடிக்கொள்கின்றன, பழையவை இடிந்து விழுகின்றன. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். எச்சம் விழுகிறது என்பவர்களுக்கு: கூட்டுக்குக் கீழே ஒரு பலகை அடித்துவிடலாம்.

மே 12

இப்ஸ்விச்சில் ஆப்பிள்டன் ஃபார்ம்ஸ். 1630-களில் சாமுவேல் ஆப்பிள்டனுக்குக் கிடைத்த நிலம், ஒன்பது தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்து, 1998-ல் நிலங்களைக் காக்கும் ட்ரஸ்டீஸ் அமைப்பின் கைக்கு முழுதாக வந்தது. இன்னும் மாடு மேய்கிறது, இன்னும் புல் அறுக்கிறார்கள். நாட்டிலேயே விடாமல் நடந்துவரும் மிகப் பழைய பண்ணைகளில் ஒன்று.

கிரேட் பாஸ்ச்சர் பக்கம் போகும் டிரெயிலில் வேலியோரமாக நின்றால் போதும், உள்ளே இறங்க வேண்டாம், இறங்கவும் கூடாது. ஆண் பாபோலிங்க் புல்லுக்கு மேலே இறக்கையைப் படபடத்து மிதந்துகொண்டே பாடும். அந்தப் பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, முடிக்குமுன் அடுத்ததை ஆரம்பித்து, நடுவில் மணியும் சீட்டியும் கிரீச்சும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். பறவைகள் பொதுவாக முதுகு கறுத்து வயிறு வெளுத்திருக்கும், இது நேர் எதிர்: வயிறு முழுக்கக் கறுப்பு, முதுகில் வெள்ளை, பிடரியில் வெளிர் மஞ்சள் திட்டு. பெண் பறவை பழுப்புக் கோடுகளோடு புல்லில் கரைந்துவிடும்.

இது அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா பக்கமிருந்து வருகிறது. போக வர வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். நெல்லுக்கும் இதற்கும் பழைய பகை உண்டு: கரோலைனா நெல் வயல்களில் இலையுதிர்காலத்தில் கூட்டமாக இறங்கும், சுட்டுத் தள்ளினார்கள், கறிக்கும் விற்றார்கள். அறிவியல் பெயரிலேயே நெல் தின்னி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் கிராஸ் ரைட்ஸ் காட்டுப் பாதைகள். அங்கே நடுவில் ஒரு கருங்கல் கோபுர நுனி நிற்கிறது. ஹார்வர்டின் பழைய நூலகமான கோர் ஹால் கட்டடத்தை 1913-ல் இடித்தபோது எடுத்துவந்து நட்டது. பறவைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் காட்டுக்கு நடுவே நூலகத்தின் கொம்பு நிற்பதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

மே 13

ஒரு வாசகர் பார்க்கிங்கிலேயே மெடோலார்க் கிடைத்தது என்கிறார், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் சொன்னதாம். கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து பாடியது என்றும் சொல்கிறார். கூரையில் என்றதும் எனக்குச் சந்தேகம். ஸ்டார்லிங் மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிப் பாடும், மெடோலார்க்கின் சீட்டி அதற்கு ரொம்பப் பிடித்தது. மாக்கிங்பேர்ட், கேட்பேர்ட் இரண்டும் இதே வேலையைச் செய்யும். ஆப் காதால் கேட்டதைச் சொல்கிறது, கண்ணால் பார்க்க வேண்டியது நீங்கள். மஞ்சள் மார்பில் கறுப்பாக ஒரு வி இருந்தால் மெடோலார்க். இந்த மாநிலத்தில் அது இப்போது அரிது, பார்த்தால் எனக்கும் எழுதுங்கள்.

ஆப்பைக் குறை சொல்லவில்லை. நான் ஆரம்பித்த காலத்தில் அது இல்லை, ஒரு குரலைப் பிடிக்க ஒரு பருவம் முழுக்கப் போகும். இப்போது புதிதாக வருகிறவர்கள் முதல் நாளிலேயே இருபது பெயர் சொல்கிறார்கள். ஆனால் போன் திரையையே பார்த்தபடி நடக்கிறவர் தலைக்கு மேல் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு போனதைக் கவனிக்காமல் போகிறார்.

மே 20

பறவை பற்றி இல்லை, உண்ணி பற்றி.

புல்லோரம் நடக்கிறீர்கள், ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். மான் உண்ணியின் இளம்பருவம் மே முதல் ஜூலை வரை, கசகசா அளவுதான் இருக்கும். லைம் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் அதுதான். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் 1970-களில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விடுங்கள், அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும். வெளிர் நிறத் துணி. வீட்டுக்கு வந்ததும் துணியை நனைக்காமல் நேராக டிரையரில் போட்டு அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டுங்கள், துவைப்பதெல்லாம் பிறகு. முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்து ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நேராகப் பிடித்து இழுக்க வேண்டும், தீக்குச்சி வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம்.

கல் சுவரில் உட்காரும் முன் மூன்று இலைக் கொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பாய்சன் ஐவி, தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும். சுவர்கள் அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஜூன் 3

அப்பா வந்திருக்கிறார். பண்ணைக்குக் கூட்டிப்போனேன், பறவைக்காகப் புல்லை ஜூலை பாதி வரை அறுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வேலியருகே நின்று ஒரு கதிரை உருவி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இதை இப்பவே அறுத்திருக்கணும். பூ வெச்சாச்சு. இனிமே இது மாட்டுக்கு வயித்தை நிரப்பும், பால் கொடுக்காது” என்றார்.

நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவர். சொன்னது சரியும்கூட. புல் கதிர் விடுவதற்குச் சற்று முன்னால்தான் அதில் புரதம் அதிகம். அதன்பின் நார்தான் ஏறும். பழைய காலத்தில் கையாலும் குதிரையாலும் அறுக்கும்போது எப்படியும் ஜூலை ஆகிவிடும், பாபோலிங்க் குஞ்சு அதற்குள் பறந்துவிடும். இப்போது மே கடைசியில் ஒரு அறுப்பு, ஐந்தாறு வாரத்தில் இன்னொன்று. பாபோலிங்க் மே பாதிக்குமேல் கூடு கட்டி, பன்னிரண்டு நாள் அடைகாத்து, குஞ்சு பத்துப் பதினொரு நாளில் கூட்டை விட்டு இறங்கும், அப்போதும் பறக்கத் தெரியாது. ஜூனில் அறுத்தால் ஏறக்குறைய எல்லாக் கூடும் போய்விடும்.

“அப்ப பறவைக்காக அவன் மாடு பட்டினி கிடக்கணுமா?” என்று கேட்டார். காரில் வரும்போது நான் பதில் சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை. காப்பகம் நடத்துகிறவர்களுக்குப் பால் விற்றுப் பிழைக்க வேண்டியதில்லை. பக்கத்து நிலத்துக்காரருக்கு வேண்டும்.

ஜூன் 5

அப்பாவின் கேள்விக்கு வழி இருக்கிறது, அதுவும் இரண்டு.

ஒன்று பணம். பாபோலிங்க் ப்ராஜெக்ட் என்று ஒன்று நடக்கிறது: மக்களிடம் நன்கொடை வாங்கி, அறுப்பைத் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளும் விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் ஈடு கொடுக்கிறார்கள். வெர்மாண்ட், மாசசூசெட்ஸ் பக்கம் நடப்பது.

இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. வெர்மாண்டில் செய்த ஆய்வுகளில் வந்த யோசனை இது. முதல் அறுப்பை மே கடைசிக்குள், சத்து உச்சத்தில் இருக்கும்போதே, முடித்துவிடுங்கள். அப்புறம் 65 நாள் கை வைக்காதீர்கள். முதல் கூட்டை இழந்த பறவைகள் திரும்பி வந்து மறுபடி கட்டும், 65 நாளில் குஞ்சு தேறிவிடும். விவசாயிக்கு நல்ல புல் ஒரு தடவை கிடைத்துவிடுகிறது, இரண்டாவது அறுப்பு தாமதமாகும், அவ்வளவுதான் நஷ்டம்.

அப்பாவிடம் சொன்னேன். “இது பேசற மாதிரி பேச்சு” என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

ஜூன் 18

எரிச்சலில் எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை, நான் அடிக்கடி நடக்கும் ஒரு சின்ன வயல், காப்பு நிலம் என்று பலகையே உண்டு. நேற்று வரை பாபோலிங்க் பாடிக்கொண்டிருந்தது. இன்று காலை வழித்து அறுத்திருக்கிறார்கள். இரண்டு பெண் பறவைகள் வாயில் புழுவை வைத்துக்கொண்டு அறுத்த புல்லுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. இறங்க இடம் தெரியவில்லை. ரெட் டெயில் பருந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தது, காகங்கள் வேலையை ஆரம்பித்திருந்தன.

யாரைக் கேட்டாலும் “ஒப்பந்தக்காரர் வந்த நாள் அது” என்கிறார்கள்.

ஜூன் 19

ராத்திரி தூங்கி எழுந்தபின் எழுதுவது. அறுத்தவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். வயலுக்குப் பொறுப்பான குழுவுக்கு வசந்தத்திலேயே எழுதியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். மார்ச்சில் ஒரு கடிதம், பறவை வந்த தேதிகளின் பட்டியலோடு. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் நீங்கள் போட்டுவைக்கும் பட்டியல்களுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு: இந்த வயலில் ஜூனில் என்ன இருந்தது என்பதற்கு எழுத்தில் சாட்சி. சும்மா எண்ணிக்கை ஏற்றும் விளையாட்டு என்று கேலி செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நானும் கேலி செய்கிறவன்தான்.

அறுத்தே ஆக வேண்டும் என்றால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அறுக்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து சுற்றி உள்ளே போனால் தப்பி ஓடும் குஞ்செல்லாம் நடுவில் மாட்டும்.

ஜூன் 30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், நல்ல கேள்வியோடு. இந்தப் புல்வெளியே காட்டை வெட்டி வந்தது என்கிறீர்கள், அப்படியானால் நீங்கள் காப்பாற்றுவது 1850-ஐத்தானே, அதற்கு முந்தியதை ஏன் இல்லை?

இதற்கு நான் மே மாதம் பதில் சொல்லியிருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன். வெள்ளைக்காரர் வருமுன்னும் இங்கே வெளி இருந்தது: பூர்வகுடிகள் தீ வைத்துப் பராமரித்த நிலம், பயிர் செய்த வயல், கடலோரப் புல், பீவர் அணை உடைந்தபின் வந்த பசும்புல். அவை சிறியவை, இடம் மாறிக்கொண்டே இருந்தவை. பண்ணைகள் அதைப் பல மடங்கு பெரிதாக்கின. பாபோலிங்குக்கு அது பொற்காலம். மேற்கே அதன் சொந்தப் புல்வெளி பெரும்பகுதி உழப்பட்டு மக்காச்சோளமும் சோயாவும் ஆனபின், கிழக்கே இந்த உலர்புல் வயல்கள் அதற்கு முக்கியமான புகலிடம். அதனால் 1850 என்று நீங்கள் குத்திக்காட்டுவது எனக்கு உறைக்கவில்லை. போக இடம் குறைந்துகொண்டே வரும் பறவைக்கு வருஷக் கணக்கு எதற்கு?

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, முதல் பதிலில் நான் அதை அவசரமாகத் தாண்டிவிட்டேன். புல்லுக்கும் காட்டுக்கும் நடுவே புதர்ப் பருவம் ஒன்று இருக்கிறதே, பத்துப் பதினைந்து வருஷம். அதற்கென்றே ப்ரேரி வார்ப்ளர், டௌஹி, ப்ரவுன் த்ராஷர், ஃபீல்ட் ஸ்பாரோ எல்லாம் இருக்கின்றன, அவையும் குறைந்துகொண்டுதான் வருகின்றன. நீங்கள் ஏப்ரலில் பார்த்த உட்காக்குக்கு ஆட வெளி வேண்டும், ஆனால் இரைதேடவும் கூடு கட்டவும் புதர் வேண்டும். ஆக, எல்லா வயலையும் வேலி வரை வழித்து அறுப்பதும் தப்பு. பெரிய வயலைப் பெரிதாகவே விடுங்கள், பாபோலிங்குக்குத் துண்டு துண்டாக இருந்தால் பிடிக்காது. சின்ன மூலைகளையும் ஈரப் பள்ளங்களையும் புதருக்கு விடுங்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். நியூ இங்கிலாந்தில் புதர்ப் பறவைக்கு மிக நல்ல இடங்களில் ஒன்று எது தெரியுமா? உயர் அழுத்த மின்கம்பிப் பாதை. மரம் வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருப்பார்கள், கம்பிக்காக.

ஜூலை 21

நல்ல காப்பகங்களில் இந்த வாரம்தான் அறுப்பு ஆரம்பம். அறுத்த வயல் காலி என்று திரும்பாதீர்கள். டிராக்டருக்குப் பின்னால் ஸ்வாலோக் கூட்டம் பூச்சி பிடிக்கும், கில்டியர் வெட்ட வெளியில் ஓடும், கெஸ்ட்ரல் கம்பியிலிருந்து வெட்டுக்கிளிக்கு இறங்கும்.

மார்ஷ்ஃபீல்டில் டேனியல் வெப்ஸ்டர் காப்பிடம் போகாதவர்கள் ஒருமுறை போங்கள். அரசியல்வாதி வெப்ஸ்டரின் பண்ணை இருந்த பகுதி அது. இப்போது மாஸ் ஆடுபனிடம் இருக்கிறது, அதாவது தொப்பியில் இறகு வைக்கும் நாகரிகத்தை எதிர்த்து ஹாரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் 1896-ல் ஆரம்பித்த சங்கம். அங்கே பர்ப்பிள் மார்ட்டின்களுக்குக் கம்பத்தில் வீடு வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் அந்தப் பறவை மனிதர் வைத்த கூட்டில் மட்டுமே குடியிருக்கிறது என்றே சொல்லலாம். முதலில் வைத்தவர்கள் பூர்வகுடிகள், சுரைக்குடுக்கையைக் குடைந்து தொங்கவிட்டார்கள். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், தோட்டத்தில் சுரை போட்டிருக்கலாமே என்கிறார். எங்களுக்கு இருப்பது பால்கனி.

ஆகஸ்ட் 12

“பாபோலிங்க் போய்விட்டதா?” என்று இரண்டு பேர். போகவில்லை, உடை மாற்றிக்கொண்டது. ஆண் பறவை கறுப்பை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே பழுப்பாகிவிட்டது. அறுக்காத களை ஓரங்களிலும் சதுப்பு ஓரங்களிலும் கூட்டமாக இருக்கும், தலைக்கு மேல் ‘பிங்க்’ என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் அதுதான்.

பைனாகுலர் கேட்டவருக்கு: எட்டுக்கு நாற்பத்திரண்டு, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும், புல்லில் பறவையைத் தேட அகலமான பார்வைதான் முக்கியம்.

கேள்வி கேட்டவர் ஒரு பண்ணையில் பெட்டி பராமரிப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். பருவம் முடிந்ததும் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மூடியை மெல்லத் திறந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். குளிர் ஆரம்பித்தால் அதில் வெள்ளைக்கால் எலி குடியேறியிருக்கும், முகத்தை நோக்கித்தான் குதிக்கும்.